ஆடட்டும் அந்தக் குழாய்

தண்ணீர் பட்டால் கெட்டுப்போகிற ஒரு பொருளைத் தண்ணீரை வைத்தே காப்பாற்ற முடியுமா? அன்றைக்கு யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். வாஷர் முழிக்கவில்லை. "ஏன் முடியாது?" என்று ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த "ஏன் முடியாது" என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

வாஷர் என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. அவர் குழாய் வேலை செய்கிறவர். படிப்பு ஏறாமல் ஒரு கட்டட வேலைக்குச் செங்கல் சுமக்கப் போனவர், மாடியில் புதிதாக மாட்டிய குழாயில் முதன்முதலாகத் தண்ணீர் வந்ததைப் பார்த்தார். கீழே கிடந்த தண்ணீர் சுவருக்குள் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் மேலே ஏறி, திருகியவுடன் கொட்டுகிறது! செங்கல்லை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுக் குழாய்க்காரர்களின் பின்னால் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் தலையில் சுமக்கவில்லை.

எந்த வீட்டில் எது ஒழுகினாலும் அவருக்கு ஒரே வைத்தியம்தான்: "ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்." பாதி வீடுகளில் சரியாகியும் விடும். அவருக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. குழாய் ஆடக் கூடாது. முழத்துக்கு ஒரு கிளாம்ப் அடித்துக் குழாயைச் சுவரோடு இறுக்கி, கையால் ஆட்டிப் பார்த்து, அசைந்தால் இன்னொன்று அடிப்பார். "அவர் வேலை செஞ்ச வீட்ல சுவர் விழுந்தாலும் குழாய் நிக்கும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். பேருந்து தாமதம் என்று அவர் சொன்னால், கோபமாக எழுந்தவர்கள்கூட "சரி, பரவாயில்லை" என்று மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு பேரும் பழகியதே ஒரு கூத்து. அறிவிப்பு அறையில் கைகழுவும் தொட்டி ஒழுகுகிறது என்று வாஷரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார். அறிவிப்பாளர் மைக்கை அணைக்க மறந்திருந்தார். "கவலைப்படாதீங்கம்மா, ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்" என்ற குரல் நிலையம் முழுக்க, ஒவ்வொரு நடைமேடையிலும் கணீரென்று ஒலித்தது. கூட்டம் கைதட்டியது. பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது, கொஞ்ச நாளில் கல்யாணமும் நடந்தது.

இப்போது அந்த நிலையத்தில் கணினிதான் அறிவிக்கிறது. அறிவிப்பாளரைப் பயணச்சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். தடிமனான கண்ணாடி. அவர் என்ன பேசினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். மாலையில் வீட்டுக்கு வந்தாலும் அவர் அதிகம் பேசுவதில்லை. வாஷருக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒழுகுகிற குழாயைக்கூடப் பார்த்துவிடலாம், அடைத்துக்கொண்ட குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து விற்கும் ஒரு நிறுவனம் வாசிக்க ஆள் தேடியது. அறிவிப்பாளர் வீட்டுக் கணினியில் மைக்கை மாட்டி, ஒரு கதையின் முதல் பகுதியை வாசித்து அனுப்பினார். பதில் வந்தது. "உங்கள் குரல் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓடுகிறது. அது இல்லாமல் பதிவு செய்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்."

அந்த இயந்திரம் வேறெதுவும் இல்லை, கணினியேதான். தெருச் சத்தம் வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினால் அறை சூடாகும். அறை சூடானால் கணினி சூடாகும். உடனே உள்ளே இருக்கும் விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி அலறும். ஜன்னலைத் திறந்தால் விசிறி அடங்கும், தெரு உள்ளே வந்துவிடும்.

மைக்கின் ஒயரை நீட்டிக் குளியலறைக்குக் கொண்டுபோனார்கள். குரல் குகைக்குள்ளிருந்து வந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் முணுமுணுத்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு செல்போனில் வாசித்துப் பார்த்தார் அறிவிப்பாளர்.

"எப்படிங்க இருக்கு?" என்று வியர்வையோடு போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"ஜலதோஷம் பிடிச்ச பஸ் டிரைவர் மாதிரி இருக்கு" என்றார் வாஷர். பிறகு போர்வை அவர்மேல் வந்து விழுந்தது.

அறிவிப்பாளரின் தம்பி கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். அந்தக் கணினியே அவன் பழைய பாகங்களைச் சேர்த்து அக்காவுக்குக் கட்டிக் கொடுத்ததுதான். எந்தக் கணினிக்கு என்ன நோய் வந்தாலும் "ஃபார்மட் பண்ணிடலாம்", அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்பான். அதனால் வாஷர் அவனை ஃபார்மட் என்றே கூப்பிடுவார். அவரவர் வைத்தியம் அவரவருக்கு.

ஃபார்மட் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். "பிராசசர் ரொம்பச் சூடாகுதுக்கா. கொஞ்சம் நல்ல விசிறி மாத்தலாம். பெரிய ஆளுங்க தண்ணி விட்டுக் கூல் பண்ணுவாங்க, நமக்கு அதெல்லாம் எதுக்கு..."

மூலையில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த வாஷர் நிமிர்ந்தார். "என்ன சொன்னே?"

"விசிறி மாத்தலாம்னு..."

"அதுக்கப்புறம்."

"தண்ணி விட்டு..."

அவ்வளவுதான். செருப்பு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம். ஃபார்மட் அதற்குப் பிறகு விசிறியைப் பற்றிச் சொன்ன எதுவும் வாஷரின் காதில் விழவே இல்லை.

புது வீடுகளில் குழாய் போகிற வழியை வாஷர் காகிதத்தில் வரைய மாட்டார். சுண்ணக்கட்டியால் தரையிலேயே முழு அளவுக்குக் கோடு போடுவார். மறுநாள் காலை அறிவிப்பாளர் எழுந்து வந்தபோது கூடம் முழுக்கக் கோடுகள். சமையலறைக் குழாயில் தொடங்கி, கணினி மேசையைச் சுற்றி, குளியலறைச் சாக்கடையில் போய் முடிந்தன.

"என்னங்க இது, நொண்டி விளையாடப் போறீங்களா?"

"மிதிக்காதேம்மா! மெயின் லைன் அது."

மாலையில் ஃபார்மட் வந்து கோட்டைப் பார்த்தான். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து பார்த்தான். சாக்கடை வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, இது கம்ப்யூட்டர். வண்டி கழுவுற இடம் இல்ல!"

"சிரிக்காதே மாப்ளே. தண்ணி ஒரு பக்கம் வரணும், ஒரு பக்கம் போகணும். இல்லன்னா அது குழாயே இல்ல."

"இதுல தண்ணி எங்கயும் போகாது மாமா. அதே தண்ணிதான் திரும்பத் திரும்பச் சுத்தும்."

"அதே தண்ணியா? பயன்படுத்தின தண்ணியை மறுபடியும் உள்ள விடுறதா?" வாஷரின் முகம் அருவருப்பில் கோணியது. அவர் வாழ்நாள் முழுக்க நல்ல தண்ணீரையும் கழிவுத் தண்ணீரையும் சந்திக்க விடாமல் பிரித்து வைத்தவர். "காதுல பூ சுத்தாதே. சூடான தண்ணி உள்ளயே சுத்தினா இன்னும் சூடாகுமே தவிர எப்படி ஆறும்?"

ஃபார்மட் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். வாஷர் மண்டையில் ஏறவில்லை. இருவருடைய குரலும் உயர ஆரம்பித்தது. அறிவிப்பாளர் சண்டையைக் கேட்டுக்கொண்டே கோடுகளைத் தாண்டி வந்தார்.

"ஏங்க, எங்க நிலையத்திலிருந்து வட்டப் பேருந்து ஒண்ணு போகுமே, தெரியுமா?"

"தெரியுமே. கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கும்."

"அது ஊரைச் சுத்தி எங்க போய் முடியுது?"

"எங்கயும் முடியாது. சுத்திக்கிட்டே இருக்கும்."

"பஸ் முடியாது. ஆனா ஆளுங்க ஏறுவாங்க, இறங்குவாங்க இல்ல? தண்ணிதான் பஸ். சூடுதான் பயணி. பிராசசர்கிட்ட ஏறும். வேற எங்கயாவது இறங்கணும். எங்கடா இறங்கும் தம்பி?"

"ரேடியேட்டர்லக்கா" என்றான் ஃபார்மட், வாயைப் பிளந்தபடி.

"அந்த ஸ்டாப்ல எல்லாரும் இறங்கிட்டா பஸ் காலியாத் திரும்பும். அவ்வளவுதானே?"

வாஷர் தரையில் கிடந்த கோட்டைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு மண்டியிட்டு, சாக்கடைக்குப் போன கோட்டைத் தன் சட்டைக் கையாலேயே அழித்தார்.

புரியும்படி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிராசசர்தான் கணினியின் மூளை. அதன் தலையில் உள்ளே பள்ளம் உள்ள ஒரு செப்புக் கட்டி உட்காரும். தண்ணீர் அதற்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டர் என்கிற மெல்லிய தகடு அடுக்குக்கு வரும். அங்கே பெரிய விசிறிகள் சோம்பேறித்தனமாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றுவதால் சத்தம் கேட்காது. ஆறிய தண்ணீர் சிறு தொட்டிக்கு வரும். பம்ப் அதை மறுபடி செப்புக் கட்டிக்கு அனுப்பும். வாஷர் வேலை செய்த எந்த வீட்டுக்கும் இவ்வளவு சின்னக் குழாய்வழி இருந்ததில்லை. அதுதான் அவருக்குத் தலைவலியாக இருந்தது.

முதலில் தொட்டியை அலமாரி உச்சியில் வைப்பேன் என்றார். "மேல்நிலைத் தொட்டி இல்லாம பிரஷர் எப்படி வரும்?" பம்பே தள்ளும் என்று ஃபார்மட் சத்தியம் செய்த பிறகுதான் தொட்டி கீழே இறங்கியது. அடுத்தது குழாய்த் தண்ணீர். "இதுல உப்பு இருக்கு மாமா, உள்ள படிஞ்சு அடைச்சிக்கும். காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும்." தான் இணைப்புக் கொடுத்த குழாயில் வருகிற தண்ணீரைக் குறை சொல்லிவிட்டான் என்று வாஷர் ஒரு வேளை முழுக்க அவனோடு பேசவில்லை. செப்புக் கட்டிக்கு அலுமினிய ரேடியேட்டர் ஆகாது, இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் அரிக்கும் என்றபோது மட்டும், "அது எனக்கே தெரியும்" என்று பேச்சைத் தொடங்கிக்கொண்டார்.

பெரிய சண்டை ஸ்பேனரில் வந்தது. கணினிக் குழாயின் இணைப்புகளைக் கையால் திருகினால் போதும். உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வாஷர் கையால் திருகி முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஸ்பேனரை வைத்து "இன்னும் ஒரே ஒரு திருகு" என்றார். தொட்டி "டிக்" என்றது. கண்ணாடி போன்ற அதன் சுவரில் மெல்லிய கீறல் ஒன்று ஓடியது.

ஃபார்மட் தலையில் கை வைத்துக்கொண்டான். அறிவிப்பாளர் கையை மட்டும் நீட்டினார். வாஷர் ஸ்பேனரை அதில் வைத்தார். அது அரிசிப் பாத்திரத்துக்குள் போனது. வேறு தொட்டி வாங்கிவர ஃபார்மட் கடைக்கு ஓடினான்.

எல்லாம் மாட்டியபின் கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்புக்கு மட்டும் கொடுத்து ஓடவிட்டார்கள். ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ காகிதம் வைத்தார்கள். ஒரு பகல் முழுக்க ஓடியது. வாஷர் ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். எல்லாம் காய்ந்த காகிதம். "வேலைன்னா இது வேலை" என்றார். ஃபார்மட் நிம்மதியாகத் தன் கடைக்குப் போனான்.

அவன் போன பிறகு வாஷர் தூரத்தில் நின்று தன் வேலையைப் பார்த்தார். ரேடியேட்டர், கணினிப் பெட்டிக்குள் இடம் போதாமல் மேசையின் பின்பக்கம் நின்றது. அங்கேயிருந்து பெட்டிவரை ரப்பர் குழாய்கள் வளைந்து தொங்கின. லேசாக ஆடின. அவருக்கு உடம்பு கூசியது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வாஷர் போட்ட குழாயா இது?

பையிலிருந்து கிளாம்ப்களை எடுத்தார். குழாயை மேசையோடு மேசையாக இறுக்கினார். பம்பையும் விடவில்லை, மேசைப் பலகையில் வைத்துத் திருகினார். கையால் ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மதியம் அறிவிப்பாளர் விடுப்புப் போட்டுவிட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். ஜன்னலைச் சாத்தினார்கள். கணினி எழுந்தது. அலறல் இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அறிவிப்பாளர் ஹெட்போனைக் காதில் மாட்டினார். சிரிப்பு நின்றது.

"என்னம்மா?"

"முனகுதுங்க."

"யாரு?"

"தெரியல. ம்ம்ம்ம்னு ஒரே இழுப்பா இழுக்குது. இந்தாங்க."

வாஷர் ஹெட்போனை வாங்கி மாட்டினார். ஆமாம். பல்வலிக்காரன் மூலையில் உட்கார்ந்து முனகுகிற மாதிரி. ஹெட்போனைக் கழற்றினால் அறையில் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டினால் முனகல்.

ஃபார்மட்டுக்குப் போன் செய்தார்கள். "பம்ப் சத்தமாத்தான் இருக்கும் மாமா. வேற பம்ப் திங்கட்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஒரு தடவை ஃபார்மட் பண்ணி..." வாஷர் போனை வைத்துவிட்டார்.

அறிவிப்பாளர் ஹெட்போனை மேசைமேல் மெதுவாக வைத்தார். "விடுங்க. டிக்கெட் ஜன்னல் வேலை ஒண்ணும் மோசமில்ல" என்றார். எவ்வளவு தாமதமான பேருந்தையும் பொறுத்துக்கொள்ள வைக்கும் அதே குரல். ஆனால் அது வாஷரை உட்கார வைக்கவில்லை.

சுவருக்குள் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்க வாஷர் உள்ளங்கையைச் சுவரில் வைப்பார். வேறு ஒன்றும் தோன்றாமல் இப்போது மேசையில் வைத்தார். மேசை நடுங்கியது. எறும்பு ஊர்கிற அளவுக்கு மிக லேசான நடுக்கம். பம்பைத் தொட்டார், அதே நடுக்கம். குழாயைத் தொட்டார், அதே நடுக்கம். மைக் நின்ற தாங்கியைத் தொட்டார். அதிலும் இருந்தது.

கையை எடுத்துக்கொண்டு கிளாம்ப்களைப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்த்து அறிவிப்பாளர் பயந்துவிட்டார்.

"என்னங்க, ஒழுகுதா?"

"இல்ல. குழாய் ஆடல."

"அது நல்லதுதானே?"

"குழாய் ஆடலம்மா. அதனால மேசை ஆடுது." அவர் பம்பைக் காட்டினார். "பம்ப் பாட்டுக்குத் துடிச்சிக்கிட்டு இருந்திருக்கும். நான்தான் இழுத்து மேசையோட கட்டிட்டேன். மைக்கும் அதே மேசையில உக்காந்திருக்கு."

"அப்போ கழட்டுங்க."

"குழாய் தொங்குமே."

"தொங்கட்டும்."

"ஆடுமே!"

"ஆடட்டும் அந்தக் குழாய்! நீங்க கழட்டுறீங்களா, நான் அரிசிப் பாத்திரத்துலேர்ந்து ஸ்பேனரை எடுக்கட்டுமா?"

வாஷர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அறிவிப்பாளர் ஹெட்போனோடு உட்கார்ந்தார். முதல் கிளாம்ப் கழன்றது. "கொஞ்சம் குறையுது" என்றார். அடுத்தது. "இன்னும் குறையுது." பம்பைக் கழற்றி, பாத்திரம் தேய்க்க வாங்கி வைத்திருந்த புது ஸ்பாஞ்சின்மேல் உட்கார வைத்தார். "பாதி கூட இல்ல!" கடைசிக் கிளாம்ப் மட்டும் மிச்சம். குழாய் பெட்டிக்குள் நுழைகிற வாசலில் அடித்தது. வாஷர் அதன்மேல் கைவைத்து நின்றார்.

"இது ஒண்ணு இருக்கட்டுமே. பாக்கறதுக்கு லட்சணமா இருக்கு."

அறிவிப்பாளர் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினார். வாஷர் கேட்டார். மெல்லிய ம்ம்ம். கண்ணை மூடிக்கொண்டு திருகினார். குழாய் தொப்பென்று தொய்ந்தது. முனகல் அறுந்து விழுந்த மாதிரி நின்றது. தன் மூச்சு தனக்கே கேட்டது.

"ஆரம்பி" என்றார், குழாய்ப் பக்கம் திரும்பாமல்.

அறிவிப்பாளர் வாசித்தார். நாற்காலி கிறீச்சிடும் என்று வாஷர் உட்காரவே இல்லை. எங்காவது ஒழுகினால் பிடிக்கலாம் என்று ஒரு கையில் வாளியும் தோளில் துண்டுமாக மேசைக்குப் பின்னால் நின்றார். முதல் சில வரிகள் வரை ஒழுகுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதைக்குள் போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுபோன குரல் அந்தச் சின்ன அறையில் எழுந்து, இறங்கி, ஓடியது. செங்கல்லை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்த அந்தப் பழைய நாள் மாதிரியே இருந்தது அவருக்கு.

வாசித்து முடித்த கையோடு, நேரம் ஆகிவிட்டது என்று திரும்பக் கேட்டுப் பார்க்காமலே அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. ஃபார்மட் மாற்றுப் பம்போடு வந்து நின்ற நேரம். அறிவிப்பாளர் அதைத் தன் பேருந்து நிலையக் குரலிலேயே உரக்க வாசித்தார்.

"பதிவு மிகத் தெளிவாக உள்ளது. உங்களைத் தேர்வு செய்திருக்கிறோம். முதல் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறோம். ஒரே ஒரு சந்தேகம். கதை முடிந்தபின் ஓர் ஆண் குரல் 'அப்பாடா, ஒழுகல' என்கிறது. எங்களிடம் உள்ள புத்தகத்தில் அந்த வரி இல்லை. நீக்கிவிடலாமா?"

ஃபார்மட் பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். வாஷரின் காது சிவந்தது.

"மறுபடியும் மைக்கை அணைக்கலையா நீ?" என்றார்.

"அணைச்சிருந்தா உங்களை யாருக்குத் தெரியும்?" என்றார் அறிவிப்பாளர்.

இன்றைக்கும் வாஷர் மற்றவர் வீடுகளில் முழத்துக்கு ஒரு கிளாம்ப் அடிக்கிறார். சொந்த வீட்டில் மட்டும் ஒரு குழாய் தொங்குகிறது. விருந்தாளிகள் வந்தால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். ஸ்பேனர் இன்னும் அரிசிக்குள்தான் இருக்கிறதாம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது கணினிக்கு முதன்முதலாகத் தண்ணீர்க் குழாய் போடத் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள். குழாய்க்காரராக இருந்தால் அந்தக் கிளாம்ப் பகுதியை இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் கேட்க மாட்டார்.